கீழாநெல்லி ஆய்வு குறித்துச் சுகாதார அமைச்சுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் மூலிகை ஆய்வில் ஈடுபட்டிருக்கும் அறிவியலாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் ரத்த மாதிரிகளைப் பரிசோதித்து ஓய்வு பெற்றவன். கல்லீரல் நொதிகளின் அளவைக் காட்டும் எண்கள் என் பணிக்காலம் முழுவதும் நாள் தவறாமல் என் கண்முன் ஓடின. அந்த எண்களுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு, எந்த இடத்தில் அந்த மதிப்பு முடிந்துபோகிறது என்பது பற்றி எனக்குச் சொல்லச் சில செய்திகள் இருக்கின்றன. எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஏறத்தாழ மாதம் ஒருமுறை, "கீழாநெல்லி கல்லீரலைக் காக்கும் என்று ஆய்வுக்கூடச் சோதனையில் நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று ஒரு செய்தி வருகிறது. அதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் உண்மையாகவே ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நிற்கும் இடத்திற்கும், அவற்றை நம்பிக் காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லிச் சாற்றைக் குடிக்கும் முதியவர் நிற்கும் இடத்திற்கும் நடுவில் உள்ள தொலைவைப் பற்றியே எழுதுகிறேன்.

இந்தச் செடி நம் நாட்டிற்கு அந்நியமானதன்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிப் புளோக்குகளின் அடித்தளத்தில் சிமெண்டு வெடிப்புகளிலும், தாழ்வாரத்துப் பூந்தொட்டிகளிலும், நடைபாதை ஓரப் புல்லிலும் யாரும் நடாமலே முளைக்கிறது. இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் காய்ப்பதால் நம்மவர் அதைக் கீழ்க்காய்நெல்லி என்றனர். மலாய்க்காரர்கள் பிள்ளையைச் சுமப்பது என்னும் பொருளில் டுக்கோங் அனாக் என்கிறார்கள். அதன் நெருங்கிய இனச்செடிக்குச் சீனர்கள் இட்ட பெயர், இலைக்கடியில் உள்ள முத்து என்று பொருள்படும் யெ சியா சூ. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் மூன்று சமூகங்களும் ஒரே இனச் செடிகளை ஒரே இடத்தில் உற்றுநோக்கிப் பெயரிட்டிருப்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. செம்பவாங்கில் நாங்கள் குடியிருந்த நாட்களில் என் அப்பாயி, மழைக்கு மறுநாள் காலையில் பறித்ததே நல்லது என்று சொல்லி, வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் அரைத்து, கொட்டைப்பாக்களவு உருட்டி மோரில் கரைத்துத் தருவார். உப்பும் எண்ணெயும் நீக்கிய பத்தியச் சாப்பாடு அதனுடன் தொடரும். அந்த வீட்டு மருத்துவத்தை நான் இழிவாக நினைக்கவில்லை, எவரும் அப்படி நினைப்பதை விரும்பவும் இல்லை.

ஆயினும் என் தந்தையாரின் கதையைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. 1989-இல் ரத்த தானம் செய்யப் போன இடத்தில் அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் தொற்று இருப்பது தெரிய வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், சென்னையில் கீழாநெல்லிப் பொடியால் அந்த வைரஸ் பலருடைய ரத்தத்திலிருந்து நீங்கிவிட்டது என்னும் செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. அந்தச் செய்தி வந்த தாளை அவர் வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தம்மைப் பரிசோதித்த மருத்துவரிடம் காட்டினார். மருத்துவர் அதை வாங்கிப் படிக்கவில்லை. இலை தழைகளைக் குடிப்பதை முதலில் நிறுத்துங்கள் என்று, பக்கத்தில் தாதியர் இருக்கையிலேயே சிரித்தபடி சொன்னாராம். என் தந்தையார் நிறுத்தவில்லை. அந்த மருத்துவரிடம் போவதைத்தான் நிறுத்தினார். வேலையிடத்தில் ஆண்டுதோறும் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் உயிரணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் உயரும் ஏஎல்டி என்னும் நொதி இயல்பான அளவிலேயே இருந்தது. அதைச் சாற்றின் வெற்றி என்று அவர் நம்பினார். ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்றுடையவர்களில் பலருக்கு எந்த மருந்தும் இல்லாமலே ஏஎல்டி இயல்பாக இருக்கும் என்பதும், கல்லீரல் நாராகி இறுகிய பின்னும் அது இயல்பாகத் தோன்றக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த எண்ணைப் பார்த்து நானும் மனம் அமைதியடைந்தேன். 1996-இல் வலப்புற விலாவுக்குக் கீழே வலி வந்து ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய்க் கட்டி கையளவு வளர்ந்திருந்தது. ஐந்து மாதங்களில் அவர் காலமானார். வைரஸை நெடுங்காலம் அடக்கி வைக்கும் மாத்திரைகள் அன்று வந்திருக்கவில்லை. ஆனால் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கும் ஸ்கேன் இருந்தது. ஏழு ஆண்டுகள் அவர் அதற்குப் போகவில்லை.

அவரைக் கீழாநெல்லி கொன்றது என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த ஒரு செய்திக்கு யாரிடமிருந்தும் நேர்மையான விளக்கம் கிடைக்கவில்லை என்பதே என் குறை. இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்பும் அந்த விளக்கம் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்த மடலுக்குக் காரணம்.

கல்லீரல் பாதுகாப்பு என்ற பெயரில் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் நடப்பது என்ன என்பதைப் பொதுமக்களும் அறியவேண்டும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவில் பெரும்பாலும் ஆறு எலிகள் இருக்கும். சில குழுக்களுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ மூலிகைச் சாரத்தைப் புகட்டுவார்கள். பிறகு எல்லாவற்றுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடையோ மிகை அளவில் பாராசிட்டமாலையோ கொடுப்பார்கள். பாராசிட்டமால் என்பது நாம் தலைவலிக்கு விழுங்கும் பனடால்தான். மறுநாள் ரத்தத்தில் ஏஎல்டி, அதைப் போன்ற இன்னொரு நொதியான ஏஎஸ்டி ஆகியவற்றின் அளவுகளைப் பார்ப்பார்கள், கல்லீரலை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மூலிகை பெற்ற எலிகளில் எண்கள் குறைவாக இருந்தால், மூலிகை கல்லீரலைக் காத்தது என்று கட்டுரை முடியும். கீழாநெல்லி இந்தத் தேர்வில் பல முறை தேறியிருக்கிறது. வேறு பற்பல செடிகளும் இதே தேர்வில் தேறியிருக்கின்றன.

இதில் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு உள்ளே போன வடிவிலேயே கல்லீரலைச் சிதைப்பதில்லை. கல்லீரலில் உள்ள சிஒய்பி2ஈ1 என்னும் நொதி அதை மாற்றியமைத்த பின்னரே அது உயிரணுச் சவ்வுகளை அரிக்கும் பொருளாகிறது. பாராசிட்டமாலும் அவ்வாறே. இதே குடும்பத்து நொதிகள் அதன் ஒரு பகுதியை நச்சு இடைப்பொருளாக மாற்றுகின்றன, அந்த நச்சைத் தணிக்கும் குளூட்டாத்தயோன் தீர்ந்துபோகும்போது உயிரணுக்கள் மடிகின்றன. ஆகவே நஞ்சுக்கு முன்பே கொடுக்கப்பட்ட ஒரு மூலிகை அந்த நொதிகளை முடக்கிவிட்டால் போதும், நஞ்சு நஞ்சாகவே மாறாது, எண்களும் உயராது. அதைக் கல்லீரலுக்குக் கிடைத்த காப்பு என்று சொல்வதைவிட, கல்லீரலின் ஒரு வேலை தடைபட்டது என்று சொல்வதே பொருந்தும். கீழாநெல்லிச் சாரமும் அதிலுள்ள லிக்னான் என்னும் வகைத் தாவரப் பொருள்களும் மனிதக் கல்லீரலில் உள்ள அதே குடும்பத்துச் சிஒய்பி3ஏ4 நொதியை முடக்குகின்றன என்று சோதனைக்குழாய் ஆய்வுகள் காட்டியுள்ளன. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினையும், ரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபினையும், உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கான டாக்ரோலிமஸையும் உடலிலிருந்து கழிப்பதில் பங்குள்ள நொதியும் அதுதான். தேக்கா சந்தையில் கீரைக் கட்டோடு கீழாநெல்லியையும் தேடி வாங்கும் எழுபது வயதுக்காரர் ஒருவரின் மாத்திரைப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். காப்பு என்று நாம் கொண்டாடும் பண்பே அவருக்கு ஆபத்தாக மாறுமா என்ற கேள்வியை, எலி ஆய்வுகள் கேட்பதே இல்லை.

வரிசைமுறையும் முக்கியம். எலிக்கு மூலிகை முதலில், நோய் பின்னர். நம் வீடுகளில் நோய் முதலில் வருகிறது, மூலிகையைப் பிறகுதான் தேடுகிறோம். நஞ்சு கொடுத்துச் சில மணி நேரம் கழித்து மூலிகையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இத்துறையில் அருகியே காணப்படுகின்றன.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. எலி ஆய்வுகளில் உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாரம் என்பது வழக்கமான அளவு. உடற்பரப்பை வைத்து மனிதருக்கு மாற்றும் வழக்கமான கணக்கில் அது கிலோவுக்கு ஏறத்தாழ 32 மில்லிகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் அளவிலான சாரம். உலர்ந்த செடியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாரமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவர் நாள்தோறும் 20 கிராம் உலர்செடியை உட்கொள்ள வேண்டும். சென்னை ஆய்வில் நோயாளிகளுக்குக் கொடுத்தது மூன்று வேளைக்கும் சேர்த்து 600 மில்லிகிராம் பொடி. அப்பாயியின் கொட்டைப்பாக்களவு இவற்றில் எதோடு ஒத்துப்போகும் என்று இன்றுவரை யாரும் அளந்து சொன்னதாக நான் படித்ததில்லை.

சென்னை ஆய்வை நான் மதிக்கிறேன். ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்தமைக்காக 1976-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பரூக் புளும்பெர்க்கும் அதில் பங்கேற்றார். அவருடைய குழுவினர் 1987-இல், இதே இனத்து வைரஸ் தொற்றும் வுட்சக் என்னும் வட அமெரிக்கக் கொறிவிலங்கில் சாரத்தைச் சோதித்து நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டிருந்தனர். 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சென்னை ஆய்வின் கட்டுரையில், 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்றும், மருந்தில்லா மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது என்றும் கூறப்பட்டது. இயல்பாக இந்தப் புரதம் ஆண்டுக்கு நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கே மறையும் என்பதை எண்ணினால், அது எவ்வளவு பெரிய செய்தி என்பது விளங்கும். என் தந்தையார் நம்பியதில் தவறே இல்லை. ஆனால் அடுத்து வந்த ஆய்வுகள், தாய்லாந்தில் நடந்தது உட்பட, அந்த முடிவை மீண்டும் எட்டவில்லை. 2011-இல், மருத்துவ ஆய்வுகளை மொத்தமாக மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மருந்தில்லா மாத்திரையைவிட இச்செடி பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு கூறியது. முதல் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது செய்தி இன்னும் எந்தத் தமிழ் வீட்டுக்கும் வந்து சேரவில்லை.

ஏன் முடிவுகள் மாறின என்பதற்கு ஒரு விடை செடியின் பெயரிலேயே இருக்கலாம். 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் செடி ஃபில்லாந்தஸ் நிரூரி, 1988-இல் அது ஃபில்லாந்தஸ் அமாரஸ். இந்தியாவில் நிரூரி என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி உண்மையில் அமாரஸ்தான் என்பதைத் தாவரவியலார் தெளிவுபடுத்தினர். அதன் காய்க்குச் சிறு காம்பு உண்டு, மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். சீனர்கள் பயன்படுத்தும் ஃபில்லாந்தஸ் யூரினாரியாவின் காய் காம்பின்றித் தண்டோடு ஒட்டியிருக்கும், மேலே சொரசொரப்பு இருக்கும். இவை இரண்டும் நம் புல்வெளிகளில் அருகருகே வளர்கின்றன. உலர்த்திப் பொடியாக்கிப் பொட்டலம் கட்டிய பின் கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை. எந்தச் செடியைச் சோதித்தோம் என்பதில் உறுதியில்லாத ஆய்வில், எத்தனை நுண்ணிய கருவி இருந்தும் பயனில்லை.

மஞ்சட்காமாலை தீர்ந்தது என்னும் அனுபவச் சான்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹெப்பட்டைட்டிஸ் ஏ தொற்றால் வரும் காமாலை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சில வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். பித்தக் கல்லோ கணையத்துக் கட்டியோ பித்தநாளத்தை அடைத்ததால் வரும் காமாலையும் கண்ணுக்கு அதே மஞ்சள்தான். அது தானாக இறங்காது, காத்திருந்த ஒவ்வொரு வாரமும் இழப்பு.

காக்கும் என்று நம்பிய செடியே தீங்கு செய்ததும் உண்டு. கோவிட் காலத்தில் நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும் என்று பலரும் சீந்தில் குடித்தபோது, அதை உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தனர். சீந்தில் கல்லீரலைக் காக்கும் என்று சொல்லும் எலி ஆய்வுகள் அதற்கு வெகு முன்பே வந்திருந்தன.

மூலிகை விஷயத்தில் சிங்கப்பூர் ஒருமுறை மிகப் பொறுமையாக நடந்துகொண்டதை நினைவூட்ட விரும்புகிறேன். நம் மரமஞ்சளிலும் சீனரின் ஹுவாங் லியனிலும் உள்ள பெர்பெரின் என்னும் பொருள், ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதியில் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளின் காமாலையை மோசமாக்கும் என்ற ஐயத்தால் 1978-இல் இங்கே தடை செய்யப்பட்டது. 1965 முதலே தொப்புள்கொடி ரத்தத்தில் அந்தக் குறைபாட்டைப் பரிசோதித்துவரும் நாடு இது என்பதால், அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. பின்னர் சான்றுகள் மறு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு 2010-களில் தடை விலக்கப்பட்டது. அஞ்ச வேண்டிய நேரத்தில் அஞ்சவும், சான்று வந்த பின் மனம் மாறவும் நம் அமைப்புகளுக்குத் தெரியும். அதே கவனத்தைக் கீழாநெல்லிக்கும் கேட்கிறேன்.

பாரம்பரியச் சீன மருத்துவர்களைப் பதிவு செய்ய 2000-இல் இங்கே சட்டம் இயற்றப்பட்டது. சீன மருத்துவ ஆய்வுக்கென அமைச்சு தனி நிதியும் ஒதுக்கியிருக்கிறது. இந்திய மருந்துகளுக்கு நிலைமை வேறு. கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு, பாதரசம் பத்து இலட்சத்தில் 0.5 பங்குக்கும் ஆர்சனிக் 5 பங்குக்கும் மேல் இருக்கக் கூடாது. ஆனால் சீனத் தயாரிப்பு மருந்துகளைப் போல் விற்பனைக்கு முன் பட்டியலிடப்படும் கடப்பாடு இந்தியப் பாரம்பரிய மருந்துகளுக்கு இல்லை. பொறுப்பு விற்பவருடையது. நான் இதைச் சலுகை கேட்கும் தொனியில் சொல்லவில்லை. எங்கள் மூலிகைகளையும் அதே கண்டிப்போடு பரிசோதியுங்கள் என்பதே வேண்டுகோள்.

ஆய்வாளர்களே, இன்னோர் எலிக் கட்டுரை வேண்டாம். ஆய்வு விலங்குகளைப் பயன்படுத்துவதற்கு 2004-இல் இங்கே வெளியான வழிகாட்டி நெறிகள், மாற்று வழி இருந்தால் விலங்கைத் தவிர்க்கவும் எண்ணிக்கையைக் குறைக்கவும் சொல்கின்றன. விடை தெரிந்த கேள்விக்காக மேலும் எலிகளைக் கொல்வது அந்த நெறிக்கு ஒவ்வாது. அதற்குப் பதிலாக, சிராங்கூன் சாலைக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கி, அவற்றில் இருப்பது எந்தச் செடி, அதன் லிக்னான் பொருளான ஃபில்லாந்தின் எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்று பாருங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தாவரவியல் பூங்காவின் உலர்தாவரக் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. மனிதக் கல்லீரல் உயிரணுக்களில் நஞ்சுக்குப் பின் சாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். நலமுள்ள தன்னார்வலர்களிடம், நெறிக்குழு ஒப்புதலோடு, வழக்கமாகக் குடிக்கும் அளவு சாறு சிம்வாஸ்டாட்டினின் ரத்த அளவை உயர்த்துகிறதா என்று அளந்து சொல்லுங்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் விடை மறுநாளே ஒரு மருந்தகத்தில் பயன்படும். பயனில்லை என்ற முடிவு வந்தால் அதையும் வெளியிடுங்கள். பயன் இருந்தால் நான்தான் முதலில் மகிழ்வேன்.

அமைச்சின் அதிகாரிகளே, 1987 முதல் இங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. ஆகவே தொற்றுடையோரில் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள் அல்லது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். இவர்களில் கீழாநெல்லியை நன்கறிந்தவர்கள் பலர் இருப்பார்கள். நோய் வருமுன் காக்கும் ஹெல்த்தியர் எஸ்ஜி என்னும் அரசுத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் அமைந்திருக்கிறார். அவர் கேட்கும் வழக்கமான கேள்விகளோடு, "வீட்டில் என்ன மூலிகை குடிக்கிறீர்கள்?" என்ற கேள்வியும் சேரட்டும். அதை மதிப்போடு கேட்கட்டும், சொன்ன விடையை எழுதிக்கொள்ளட்டும். பலதுறை மருந்தகங்களில் கிடைக்கும் துண்டறிக்கைகளில் ஒன்று கீழாநெல்லியைப் பற்றித் தமிழில் இருக்கட்டும். 1988-இல் என்ன கண்டார்கள், 2011-இல் என்ன முடிவானது, எந்த மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்கவேண்டும், ஏஎல்டி இயல்பாக இருந்தாலும் ஸ்கேனுக்கு ஏன் தவறாமல் போகவேண்டும் என்னும் நான்கு செய்திகள் ஒரு பக்கத்தில் அடங்கும். முதியவர்கள் பேசும் தமிழில் அதை எழுதிக் கொடுக்கவும், செடியைக் காட்டி விளக்கவும் நான் ஊதியமின்றி வர அணியமாக இருக்கிறேன்.

என் தந்தையார் வெட்டி வைத்திருந்த அந்தச் செய்தித்தாள் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்திருக்கிறது, எழுத்துகள் தெளிவாகவே இருக்கின்றன. துண்டறிக்கை தயாராகும் நாளில் அதையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் ஒருவர்,
செம்பவாங், சிங்கப்பூர்